மீஞ்சூரில் நிற்கும் எருமை

அக்காவின் ஈரக் காலில்தான் அது தொடங்கியது.

துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு நானும் அவளும் மாடிக்கு ஏறினோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெயில் கீழே இறங்காமலிருக்க வீட்டுக்காரம்மா அந்தப் பங்குனியில்தான் மாடித் தரை முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார். அது ஒரு வாரம்கூட வெள்ளையாக இருக்கவில்லை. தெற்கே இருக்கிற இரும்பு ரோலிங் மில்லின் கரி ராத்திரி முழுக்க விழும். காலையில் போய்ப் பார்த்தால் தரை பெரிய சிலேட்டு மாதிரி கிடக்கும். அக்கா முன்னால் போனாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பாதம். நாலு அடி வைத்தவள் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், அசையாத. அங்கியே நில்லு."

"இன்னாக்கா? பாம்பா?"

தூக்கிய காலின் கட்டைவிரலைத் தரையில் வைத்து மெல்ல இழுத்தாள். ஒரு வெள்ளைக் கோடு. அதை வளைத்தாள், கழுத்து வந்தது. குந்தி உட்கார்ந்து, நனைந்த பாவாடை நுனியால் ஒரே தேய்ப்பு, உடம்பு வந்தது. விரல் நகத்தால் ஒரு கீறல், அலகு. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பொட்டுக் கரியைத் துடைக்காமல் விட்டுவைத்தாள். கொக்கு என்னைப் பார்த்தது.

"துணி?" என்றேன்.

"துணி கெடக்குது, இரு."

இருபத்திரண்டு வயதில் நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் லைன் வீட்டு ஆறு குடித்தனத்துப் பிள்ளைகளான உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு ஷிப்ட் பார்த்துப் பார்த்து இப்போதே முதுகுவலி, ஒருவனுக்கு முன்மண்டையில் வழுக்கை. நாமும் கிழடுகள்தான். எழுத வைத்ததும் நீங்கள்தான். போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் ஒரு பழைய போட்டோ வந்ததே. கறுப்புத் தரையில் ஒரு எருமைத் தலை, வாய் திறந்து, நாக்கு வெளியே நீண்டு. மேலே சிவப்பு எழுத்தில்: ‘நச்சுக் காற்றில் மூச்சுத் திணறும் ஒரு சிறுமியின் கண்ணீர் ஓவியம்.’ பத்து வருஷமாக எங்கெங்கோ சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்? வரிசையாகக் கும்பிடு போட்டீர்கள். அழுகிற முகம் போட்டீர்கள். தண்ணித் தொட்டிமேல் நடு இடம் கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுவானே, அவன், ‘யார் வரைந்ததோ, மனசை உலுக்குது’ என்று எழுதியிருக்கிறான்.

யார் வரைந்ததோவா? டேய்.

அந்த எருமை திணறவில்லை. அது பூ தின்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். மறந்தது நீங்கள்தானே.

அக்கா பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். எனக்கு ஏழாம் வகுப்பு லீவு. அப்பா மில்லில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா பீங்கான் சாமான் கம்பெனியில் பேக்கிங். காலையில் எழுந்ததும் மாடியைப் பெருக்கித் தண்ணீர் விட்டால்தான் துணி போட முடியும் என்பதால், ஆறு வீட்டுப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு பெருக்குவார்கள், முறைக்காக வாரம் இரண்டு சண்டை போடுவார்கள். கொக்கு வரைந்த மறுநாள் அக்கா வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, இனிமே மாடிய நானே பெருக்கறேன். டெய்லி."

வீட்டுக்காரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னாடி திடீர்னு? கோலம் போடறியாமே மேல? கோலம்னா வாசல்ல போடு. மாடில யாரு பாக்கறது, காக்காவா?"

"ஏழரைக்கு மாடி சுத்தமா இருக்கும். அதுக்கு முன்னாடி அங்க இன்னா இருந்தா உங்களுக்கு இன்னா?"

"வாயப் பாரு. சரி, பெருக்கு. ஒரு நாள் விட்ட, அவ்ளோதான்."

இப்படித்தான் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அந்த மாடி அக்காவுடையது ஆனது. அவள் வரைவாள், நாம் பார்ப்போம், அவளே பெருக்கிக் கழுவிவிடுவாள். மறுநாள் புதுக் கரி, புதுப் படம். ஒன்றைக்கூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதாகவும் எனக்கு ஞாபகமில்லை.

கரியில் மூன்று சாதி உண்டு என்று கண்டுபிடித்தாள். மாவுக் கரி, மினுக்குக் கரி, பிசுக்குக் கரி. மாவு மென்மை, ஊதினாலே போய்விடும், வானத்துக்கு ஆகும். மினுக்கில் இரும்புப் பொடி கலந்திருக்கும், வெயில் பட்டால் தண்ணீர் மாதிரி பளபளக்கும். பிசுக்கு விழுந்த நாளில் முகத்தைச் சுளித்துக்கொள்வாள், "இன்னிக்கு எரும தோலுதான் வரும்" என்பாள். காது குடையும் பஞ்சுக் குச்சி, விளக்குமாற்றுக் குச்சி, அப்பாவின் கிழிந்த காட்டன் கிளவுஸ், இவைதான் சாமான். அவள் கரியால் வரையவில்லை, கவனியுங்கள். கரியை எடுத்து எடுத்து வரைந்தாள். வெளிச்சம் எங்கே வேண்டுமோ அங்கே துடைத்தாள்.

கரி நல்லது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சோற்றை மூடாமல் வைத்தால் மிளகுத்தூள் போட்ட மாதிரி ஆகிவிடும். அம்மாவுக்கு அந்த வீட்டில் தொடங்கிய இருமல் இன்றுவரை நிற்கவில்லை. அதற்கான கோபம் தனியாக இருக்கிறது, அதைத் தனியாக எழுதுவேன். ஆனால் கரி எங்களைக் கேட்டு விழவில்லை. விழுந்ததைக் கண்டு அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. அவ்வளவுதான்.

ஷோவுக்கு விதிகள் இருந்தன. கீழே குழாயில் கால் கழுவ வேண்டும். துடைத்துவிட்டு ஏற வேண்டும். மாடிக்கு வந்ததும் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே நடந்து, இரும்பு ஏணியில் தண்ணித் தொட்டிமேல் ஏறி உட்கார வேண்டும். எட்டுப் பேருக்கு இடம். தரையில் நின்று பார்த்தால் அது வெறும் கீறல். தொட்டிமேலிருந்து பார்த்தால்தான் படம் சேரும். கீழே நின்று காலை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்து அனுப்பியவள் நான்தான். உங்களில் எத்தனை பேரை "போய் மறுபடி கழுவிக்கினு வாடா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்! என் வாழ்க்கையில் அவ்வளவு அதிகாரம் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

எருமை எப்படி வந்தது என்றால், அது அம்மாவின் கம்பெனியால் வந்தது. பீங்கான் உடையாமலிருக்கப் பழைய வாரப் பத்திரிகைகளைக் கசக்கித் திணிப்பார்கள். கிழிந்த தாள்களை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவார், அடுக்குப் பாத்திரத்துக்கு அடியில் போட. அக்கா அவற்றை நீவிப் படிப்பாள். எல்லாம் தொடர்கதைகளின் நடுப் பக்கங்கள். தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. ஒருத்தி கதவைத் திறப்பாள், ‘அங்கே நின்றுகொண்டிருந்தது...’ என்று தாள் கிழிந்திருக்கும். நான் தலையைப் பிய்த்துக்கொள்வேன். அக்காவுக்கு அதில்தான் ருசி. "அங்க இன்னா நின்னுக்கினு இருந்திருக்கும், சொல்லு?" என்பாள். நான் போலீஸ் என்பேன், பேய் என்பேன். ஒரு நாள் அவளே சொன்னாள்: "எரும."

மறுநாள் காலை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ஓர் எருமை நின்றது. முதுகில் ஒரு கொக்கு. டிக்கெட் கவுன்ட்டர் வரிசையில், இரண்டு பேருக்கு நடுவில், ரொம்பப் பொறுமையாக. அக்கரையே இல்லாத குளம் ஒன்று இருக்கிறது என்று யாரோ அதற்குச் சொல்லிவிட்டார்களாம். அதைப் பார்க்கக் கிளம்பிவிட்டது, சென்னை பீச் ஸ்டேஷனுக்கு.

ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஷன். எளாவூரில் டிக்கெட் பரிசோதகர் வந்து, கொம்பைப் பார்த்துவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. எருமையின் வயிற்றில் சாய்ந்து ஒரு பெண்மணி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அது அம்மா. அம்மா அன்றைக்குத்தான் முதல்முறை தொட்டிமேல் ஏறினார், ஒரு கையால் புடவையைச் செருகிக்கொண்டு.

"அடிப்பாவி, என் வாயி இவ்ளோ பெருசாவா இருக்குது?"

"இதவிட பெருசும்மா. எடம் பத்தல."

அம்மா சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதும் சிரித்துக்கொண்டே இறங்கினார். கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்பாகூட வந்தார். அன்று நைட் ஷிப்ட் முடித்து நேராக மாடிக்கு. விதிப்படி கால் கழுவினார், நான் விடவில்லை. அன்று கவரப்பேட்டை. ஜன்னலுக்கு வெளியே வயல், எருமைக்கும் கொக்குக்கும் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேசாம இங்கியே எறங்கிட சொல்லு. புல்லு நல்லா இருக்கும்."

"அது புல்லுக்குப் போவல நைனா, கடலுக்குப் போவுது."

"பீச் ஸ்டேஷன்ல எங்க கடலு? ஆர்பர் செவுருதான் தெரியும்."

"அது எருமைக்குத் தெரியாதே."

அப்பா யோசித்தார். "பாவம், யாராவது சொல்லணும் அதுங்கிட்ட" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அந்த மனிதர் எங்கள் ரசிகர் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஏதோ குறை சொல்லிவிட்டுப் போகிறார் என்றுதான் எரிச்சலாக இருந்தது.

பொன்னேரி. அனுப்பம்பட்டு. பிறகு மீஞ்சூர்.

மீஞ்சூரில் ஒரு பெண் ஏறி எருமைக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். நமக்கு முதுகு காட்டி. தலை நிறைய மல்லிகை. அந்த மல்லிகையை அக்கா எப்படிச் செய்தாள் தெரியுமா, பஞ்சுக் குச்சியை எச்சிலில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு மொட்டும் ஒரு தொடுகை. எருமை பின்னாலிருந்து கழுத்தை நீட்டி, நாக்கை நீட்டி, அவளுக்குத் தெரியாமல் பூவைத் தின்ன ஆரம்பித்திருந்தது. கண்ணில் அப்படி ஒரு திருட்டுத்தனம். தொட்டிமேல் நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒருவன் உள்ளே விழப் போய், மூடியில் தட்டி நின்றான்.

அன்றைக்குத்தான் நான் டியூஷன் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஆமாம், நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் சாயங்காலம் நமக்குச் சும்மாவே பாடம் எடுத்தாரே, அவர்தான். கெட்டவர் இல்லை. தண்ணீர், காற்று, உரிமை என்று பேசும்போது அவர் குரல் நடுங்கும். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் சுலபமாக இருந்திருக்கும். "சார், எங்க அக்கா டெய்லி படம் காட்டறாங்க சார், நீங்க வரணும் சார்" என்று மூன்று நாள் நச்சரித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். குழாயைத் தாண்டினார். படியில் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். ‘ஷூ’ என்று ஒரு வார்த்தை. உங்கள் எல்லாரையும் விரட்டி விரட்டிச் சொன்ன எனக்கு, அவரிடம் வாய் வரவில்லை. சார் ஆயிற்றே.

"சார், தொட்டி மேல ஏறினாதான் சார் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

"பரவால்லம்மா, இங்கேர்ந்தே தெரியுது."

நேராக நடந்தார். அந்தப் பெண்ணின் தலைமேல் நடந்தார். மல்லிகைமேல் போய் நின்றார். அவர் காலடியில் அவள் இருந்த இடம் கசங்கிக் கலங்கிப் போனது. மிச்சம் இருந்தது எருமைதான், வாயைத் திறந்துகொண்டு, நாக்கைக் காற்றில் நீட்டிக்கொண்டு. அக்கா கையில் பஞ்சுக் குச்சியோடு எழுந்து நின்றாள்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ வலிம்மா இதுல!"

"வலியா? இல்ல சார். அது பூவு துன்னுது."

"எந்தப் பூவு?"

அக்கா அவர் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"இத வரையணும்னு ஏம்மா தோணுச்சு?"

"சும்மாதான் சார்."

"சும்மா இல்லம்மா. உனக்கே தெரியாம உள்ள இருக்குது அது." போனை எடுத்தார். மூன்று போட்டோ. அக்காவின் தோளைத் தட்டிவிட்டு, வேகமாகப் படியிறங்கிப் போனார். தரையில் அவர் ஷூ அச்சு, வரிவரியாக.

அது சனிக்கிழமை. ஞாயிறு ராத்திரிக்குள் அந்த எருமை எத்தனை போன்களில் ஏறியது என்று யாருக்குத் தெரியும். மில்லின் பெயர், நம் தெருவின் பெயர், எல்லாம் அதன் கீழே எழுதியிருந்தது. அக்காவுக்கு அது எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். அவளுடைய கவலை வேறு. மீஞ்சூர் படம் கெட்டுப் போனதே, அன்றைக்கு வராத பாதிப் பேர் பார்க்கவே இல்லையே. திங்கட்கிழமை அதையே மறுபடி போடுகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை நீங்கள் எட்டுப் பேரும் தொட்டிமேல் இருந்தீர்கள். பூ முக்கால்வாசி வந்திருந்தது. ஆறு மணி ஷிப்டுக்குப் போன அப்பா ஆறரைக்கு மாடியில் வந்து நின்றார். சாப்பாட்டு கேரியர் கையிலேயே இருந்தது.

"கேட்ல நிறுத்திட்டானுங்க" என்றார். "உன் பொண்ணு போட்ட படமாமே, ஊரே பாக்குதாமே, ஊட்டுக்குப் போன்னுட்டான் சூப்பர்வைசரு. எல்லார் எதிர்லயும்."

அக்காவுக்குப் புரியவில்லை. "எந்தப் படம்?"

"எதுக்கும்மா இத போட்ட? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல நைனா. சும்மாதான்."

"சும்மாவா? விடியகாலைல எழுந்து, ரெண்டு மணி நேரம் குந்திக்கினு, சும்மா யாராவது இத செய்வாங்களா? மேல யாருன்னா கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? சும்மான்னா எவன் நம்புவான்?"

"நீயும் பாத்தியே நைனா. கவரப்பேட்டைல எறக்குன்னு சொன்னியே."

அப்பா திரும்பிக்கொண்டார். கேரியரை வைத்துவிட்டு, வாளியை எடுத்துத் தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்தார். ஊற்றினார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். வானம், ஜன்னல் கம்பி, ஸ்டேஷன் போர்டு, சீட்டு, அந்தப் பெண்ணின் முதுகு. ஒவ்வொரு வாளியாக. எருமையைச் சுற்றிச் சுற்றிக் கழுவினார். கறுப்புத் தண்ணீர் ஓடி, நடுவில் ஒரு எருமை மட்டும் நின்றது. பிறகு அதன்மேலும் ஒரு வாளி.

வேண்டுமென்றே எங்களை வதைக்கிறார் என்று நினைத்தேன். வருஷக்கணக்காக அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைத்தால், அவரால் அதன்மேல் ஊற்ற முடியவில்லை, அவ்வளவுதான். சுற்றி வந்து வந்து தள்ளிப் போட்டிருக்கிறார்.

நீங்கள் எட்டுப் பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவராக ஏணியில் இறங்கிப் போனீர்கள். சின்னப் பிள்ளைகள், வேறென்ன செய்திருக்க முடியும்? தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். ஒரு கடிதம் வேண்டுமாம். ‘எங்கள் வீட்டு விறகு அடுப்புக் கரியில் நான் விளையாட்டாக வரைந்தது’ என்று அக்கா தன் கைப்பட எழுத வேண்டுமாம். எங்கள் வீட்டில் விறகு அடுப்பே கிடையாது. கேஸ் சிலிண்டரின்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் அவர் அதைச் சொன்னார். அக்கா எழுதினாள். அடுத்த நாள் அப்பாவை உள்ளே விட்டார்கள்.

அதோடு விடவில்லை. அடுத்த மாதம் மில்லின் சார்பில் ஓவியப் போட்டி வைத்தார்கள், ‘பசுமையான நம் ஊர்’ என்று தலைப்பு. அக்காவை வீட்டுக்கு வந்து அழைத்துப் போனார்கள். அவள் இரண்டு மலை வரைந்தாள், நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், ஒரு ஆறு. எங்கள் ஊரில் மலையா இருக்கிறது? நம் பள்ளியில் எல்லாப் பிள்ளையும் வரையும் அதே படம், நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். முதல் பரிசு. இருபத்துநாலு கலர் பென்சில் பெட்டி. சூப்பர்வைசரோடு நின்று ஒரு போட்டோ. அந்தப் பெட்டியின் பிளாஸ்டிக் உறையை அவள் பிரிக்கவே இல்லை. கேஸ் மாற்றும்போது, பரணில் தேடும்போது, அது தட்டுப்படும். அப்புறம் ஒரு வீடு மாற்றலில் தொலைந்து போனது.

டியூஷன் சாரும் ஒருமுறை வந்தார். ஒரு கூட்டத்தில் அக்கா பேச வேண்டுமாம். "உன் கோபத்த அப்டியே சொல்லும்மா" என்றார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "அந்தப் படத்துல கோவம் இல்ல சார்" என்றாள். அவர் எங்கள் அப்பாதான் அப்படிச் சொல்ல வைத்தார் என்று நினைத்துக்கொண்டு போனார்.

இதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. சூப்பர்வைசருக்கும் சாருக்கும் ஆகாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. கரி விழுகிற வீட்டில் இருக்கிற ஒரு பெண் பிள்ளை, மில்லில் உழைக்கிறவன் மகள், வெறுமனே சந்தோஷத்துக்காக ஒன்றைச் செய்வாள் என்பது இருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஒருவருக்கு அது சதி, இன்னொருவருக்கு அது கண்ணீர். வசதியான வீட்டுப் பிள்ளை எருமை வரைந்தால் அது எருமை. நாம் வரைந்தால் அது சாட்சி! பூ தின்கிற எருமையைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட நமக்கு ஒரு காரணம் வேண்டுமா? யாரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும்?

சரி, அந்தப் போட்டோவால் கரியாவது நின்றதா? இன்று காலையும் என் சைக்கிள் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். கை கறுப்பு. அது நிறுத்தியது அக்காவை மட்டும்தான்.

அக்கா டிப்ளமோ படித்து, இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. அவள் இருக்கும் ஹாலில் ஒரு துளி தூசி இருக்கக் கூடாதாம். நான் டிகிரி முடித்துவிட்டு தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறேன். வண்டி மீஞ்சூரில் நிற்கும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் படிக்க ஓடாது. முன் சீட்டில் யாராவது தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

உங்கள் கும்பிடுகளையெல்லாம் பார்த்த ராத்திரி அவளுக்குப் போன் செய்தேன். பத்து வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

"க்கா, சார ஷூவக் கழட்ட சொல்லாதது நானு" என்றேன், எடுத்ததுமே.

"தெரியும்டி. அதான் பின்னாலியே வந்தியே, திருடி மாதிரி." சிரித்தாள். "இதுக்கா போன் பண்ண? சாப்ட்டியா?"

"எரும பீச்சுக்குப் போச்சா இல்லியா? அத சொல்லு."

ஹாஸ்டல் இரைச்சலிலிருந்து அவள் தள்ளிப் போவது கேட்டது.

"பீச்சுக்குப் போவாது" என்றாள். "திருவொத்தியூர்லியே எறக்கிடலாம்னு இருந்தேன். அங்கேர்ந்து நடந்தா கடலு கிட்ட. நைனா சொன்னாருல்ல, பீச் ஸ்டேஷன்ல செவுருதான் தெரியும்னு. கொக்கு சொல்லும் அதுங்கிட்ட. அத்திப்பட்டு தாண்டினதும் சொல்லும்."

எல்லாம் வைத்திருந்திருக்கிறாள். ஒவ்வொரு ஸ்டேஷனும்.

அதனால் கேளுங்கள். நம் பழைய வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டேன். இந்தப் பங்குனிக்கும் மாடிக்கு வெள்ளை அடித்திருக்கிறார். "நீ பெருக்கறியா? அப்ப இன்னா வேணா கிறுக்கிக்கோ" என்றார். வருகிற ஞாயிறு ஐந்தரைக்கு நான் மாடியில் இருப்பேன். எனக்கு வரைய வராது, நேராக ஒரு கோடுகூட வராது, என் எருமையைப் பார்த்துப் பன்றி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். மீஞ்சூரிலிருந்து வண்டி கிளம்பியாக வேண்டும். இன்னும் தொட்டிமேல் எட்டுப் பேர் தாங்குமா தெரியாது, நீங்கள் எல்லாம் தடித்துவிட்டீர்கள், நாலு நாலு பேராக ஏறலாம். போட்டோ எடுக்கக் கூடாது. கால் கழுவிக்கொண்டு வர வேண்டும், யாராக இருந்தாலும். இந்த முறை யாராக இருந்தாலும் சொல்வேன்.

அக்காவையும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இருக்கிறது, வர முடியாது என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது இப்போ?"

"தெக்கேர்ந்து."

"அப்ப மாவுக் கரிதான் வுழும். நல்லதுதான்." பிறகு, ரொம்ப சாதாரணமாக, "எருமைல ஆரம்பிக்காத, கெடுத்துடுவ. பூவுல ஆரம்பி. எச்சில தொட்டுக்கோ" என்றாள்.

பஞ்சுக் குச்சி வாங்கி வைத்திருக்கிறேன். பூவில் ஆரம்பிக்கப் போகிறேன்.